மொட்டைமாடித் தோட்டத்தைப் புதுப்பிக்கத் தொட்டியா, வேலிப்பாத்தியா?

மதுரைத் திருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 38 தொட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு விளிம்பு உடைந்துவிட்டது. மண் தொட்டிகளின் வெளிப்பக்கமெல்லாம் போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. பத்து வருடத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்த தோட்டம் அது. இந்த வருடக் கத்திரி வெயில் முடிந்த பிறகு அதைப் பார்க்கவே மனம் சங்கடப்பட்டது. புதுப்பித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்ததும் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

கோடைக்கானல் பிரையன்ட் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த மகளுக்கு, அங்கே இருப்பதைப் போல அளவாக நறுக்கிவிட்ட குட்டை வேலியும் அதற்குள் பூச்செடிகள் நிறைந்த பாத்திகளும் வேண்டும். "அம்மா, நம் மாடி தோட்டம் மாதிரியா இருக்கிறது? செடிகளைக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போன இடம் மாதிரி இருக்கிறது" என்றாள். என் மாமியாருக்கோ தொட்டிகளை விட்டால் வேறு பேச்சே கிடையாது. "தொட்டி என்றால் நகர்த்தலாம், மாற்றலாம். கட்டிவிட்டால் கட்டினதுதானே?" என்பது அவர் கேள்வி.

இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தொட்டித் தோட்டம் என்னுடையது. வேலிப்பாத்தித் தோட்டம் விளாங்குடியில் இருக்கும் என் தங்கையுடையது. 2019-இல் அவள் தன் மாடியில் செங்கல் கட்டி, மண் நிரப்பி, மூன்று நீளப் பாத்திகள் போட்டாள். சுற்றிலும் துராந்தா வேலி, உள்ளே கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. முதல் வருடம் அதைப் பார்த்தவர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள், நானும்தான்.

முதலில் பாரத்தைப் பேசிவிட வேண்டும். மற்றதெல்லாம் விருப்பம் சார்ந்தது. இது வீடு சார்ந்தது.

ஆள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பளு என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் அளவு அது. சதுர அடிக்குச் சொன்னால் 14 கிலோ. இப்போது வேலிப்பாத்திக்கு வருவோம். பத்தடி நீளம், மூன்றடி அகலம், 40 சென்டிமீட்டர் ஆழம் என்று ஒரு பாத்தி கட்டினால் அதில் ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலாக மண் பிடிக்கும். மழையில் நனைந்து ஊறிய செம்மண் கன மீட்டருக்கு 1,700 கிலோ அளவில் இருக்கும். மண் மட்டும் ஏறக்குறைய 1,900 கிலோ. சுற்றி எழுப்பும் அரைச்செங்கல் சுவர் இன்னொரு 600, 700 கிலோ. ஆக, ஒரு பாத்திக்கே இரண்டரை டன். மூன்று சின்னக் கார்களை மாடியில் ஒட்டி ஒட்டி நிறுத்தியதற்குச் சமம். என் தங்கை மூன்று பாத்தி கட்டியிருந்தாள்.

செம்மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டினால் எடை இறங்கும். ஆனாலும் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நனைந்த நிலையில் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்குக் குறையாது. ஆழத்தைக் குறைக்கலாம் என்றால் வேலிச்செடிக்கு வேர் ஓட ஓரடியாவது வேண்டும். கீரைப் பாத்தி போல அரையடியில் முடித்துக்கொள்ள முடியாது.

தொட்டிக்கு வருவோம். 12 அங்குலத் தொட்டி ஒன்று, மண்ணும் தண்ணீருமாக 30 கிலோ வரும். சதுர மீட்டருக்கு நான்கு வைத்தால் 120 கிலோ, தாங்கும். இடமிருக்கிறதே என்று ஒன்பது பத்து என்று நெருக்கி வைத்தால் தொட்டியும் வரம்பைத் தாண்டிவிடும். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து முருங்கையும் எலுமிச்சையும் வைப்பவர்கள், அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் வரிசையில் வைப்பது நல்லது. எந்த அறையின் சுவர் எங்கே ஓடுகிறது என்று கீழே அடி அளந்து, மேலே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. தோட்டம் முழுவதற்கும் அந்தக் கோடு வழிகாட்டும்.

மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகள் பக்கம் இன்னும் பழைய மச்சு வீடுகள் இருக்கின்றன. தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். அந்த வீடுகளில் வேலிப்பாத்தி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. தொட்டிகளும் சுவர் ஓரத்தோடு நிற்கட்டும். கான்கிரீட் வீடாக இருந்தாலும் மாடியில் பாத்தி கட்டுமுன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வீடு கட்டிய கொத்தனார் அனுபவசாலியாக இருக்கலாம். ஆனால் தளத்துக்குள் எத்தனை கம்பி, எந்த இடைவெளியில் ஓடுகிறது என்பதை வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்தான் சொல்ல முடியும்.

பாரத்துக்கு அடுத்தது ஒழுகல். தங்கை வீட்டுக் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பாத்தி கட்டிக் கொடுத்தவர், தளத்தில் பதித்திருக்கும் தட்டையான சுட்ட ஓட்டின், அதாவது தட்டோட்டின், மேல் ஒரு பூச்சு அடித்தால் போதும் என்று சொல்லி, அடித்துவிட்டு நேராகச் செங்கல்லை வைத்துவிட்டார். எங்கள் பக்கத்து மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வாட்டம் (சரிவு) கொடுத்து, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைநீர் அந்த வாட்டத்தைப் பிடித்து மூலையில் இருக்கும் குழாய்க்குப் போகும். மூன்று பாத்திகளில் இரண்டு அந்த வாட்டத்துக்குக் குறுக்கே அணை போல உட்கார்ந்துவிட்டன. முதல் ஐப்பசி மழை தாங்கியது. இரண்டாவது ஐப்பசியில் கூடத்து மின்விசிறிக் கொக்கியைச் சுற்றித் தட்டு அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்தது. ஒரு வாரத்தில் அதன் நடுவில் துளித் துளியாகத் தண்ணீர் கோத்து நின்றது.

பாத்தியைத் திறந்து பார்த்த அன்று நானும் கூட இருந்தேன். மண்ணை அள்ளியதும் அடியில் ஈரக் கவுச்சி அடித்தது. தட்டோடுகளின் இடுக்கில் துராந்தா வேர் நூல் நூலாக இறங்கியிருந்தது. ஒரு தட்டோட்டை உளியால் நெம்பிப் பெயர்த்தோம். அதன் அடிப்பக்கம் முழுவதும் தேங்காய் நார் மிதியடி போல வேர் பின்னிக் கிடந்தது. என் தங்கை அந்தத் தட்டோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றாள். அவள் அவ்வளவு ஆசைப்பட்டு வளர்த்த செடி அது.

மாடியில் பாத்தி கட்டவே கூடாது என்று இதை வைத்துச் சொல்லவில்லை. முறையாகச் செய்தால் ஒழுகாது. தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதைக் காக்க ஒரு சிமெண்ட் காரை, அதன் மேல் வேர்த்தடுப்பு விரிப்பு, அதற்கு மேல் தண்ணீர் வடிய டிரெயின் செல் தட்டுகள், மண் கீழே இறங்காமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி, இத்தனைக்கும் பிறகுதான் மண். பாத்திச் சுவர்களும் வாட்டத்தின் திசையிலேயே நீளவாக்கில் ஓட வேண்டும். பாத்திக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளுக்கே போகும். அந்தச் செலவைச் சுருக்கித்தான் பெரும்பாலான பாத்திகள் கட்டப்படுகின்றன என்பதுதான் என் வருத்தம். பத்து வருடம் கழித்துத் தளத்துக்கு மறுபடி பூச்சு அடிக்க வேண்டி வந்தால் பாத்தியை இடித்தாக வேண்டும். தொட்டிகளை ஒரு பகல் பொழுதில் ஒதுக்கிவிடலாம்.

பாத்திக்கு ஆதரவாகச் சொல்ல ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நியாயமாக இருக்காது. மதுரை வெயிலில் வேருக்குப் பாத்தி கொடுக்கும் பாதுகாப்பைத் தொட்டியால் கொடுக்க முடியாது.

சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். மாடித் தளத்தில் பிற்பகலில் வெறுங்கால் வைக்க முடியாது. தொட்டிக்கு நான்கு பக்கமும் வெயில், அடியில் கொதிக்கும் தளம், மேற்குக் கைப்பிடிச் சுவரில் இருந்து எதிரடிக்கும் அனல். உள்ளே இருப்பது இருபது லிட்டர் மண். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமல் போய்விடும். மே மாதத்தில் என் 12 அங்குலத் தொட்டிகளுக்குக் காலையும் மாலையுமாக இரண்டு லிட்டர் வரை ஊற்றுகிறேன். 38 தொட்டிக்கு அது எழுபது லிட்டருக்கு மேல். தங்கையின் பாத்தியில் மண் ஆழமானது, ஒன்றாகச் சேர்ந்து கிடப்பது. மேலே சருகு மூடாக்கும் போட்டுவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினால் போதும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய், அம்மா வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பியபோது என் மாடியில் ஆறு செடிகள் கருகிக் கிடந்தன. அவள் வேலியில் ஒரு இலை வாடவில்லை. சித்திரைத் திருவிழாவும் உச்ச வெயிலும் ஒன்றாக வரும் ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

சொட்டுநீர்க் குழாய் போடலாமே என்று கேட்பீர்கள். பாத்திக்கு ஒரே குழாய் நீளமாக ஓடும்; தொட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொட்டுவான் வேண்டும். எங்கள் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு அந்தச் சின்னத் துவாரங்களை இரண்டு மூன்று மாதத்தில் அடைத்துவிடுகிறது. கழற்றி வினிகரில் ஊறவைத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. 38 முறை.

தண்ணீரின் உப்பு என்று வரும்போது மறுபடி தொட்டியின் கை ஓங்குகிறது. உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். தொட்டியில் மாதம் ஒரு முறை அடியில் வழியும் அளவுக்கு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மண்ணையே மாற்றிவிடலாம். பாத்தியில் வடிகால் ஒழுங்காக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிக் கொடுக்கும். இல்லாவிட்டால் உப்பு அங்கேயே குந்திக்கொள்ளும். பாத்தி மண்ணை மாற்றுவது என்பது வேலியையே பிடுங்குவதாகும். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் கழிவாக வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. போர்த் தண்ணீரைக் காட்டிலும் உப்பு கூடியது அது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

வேலிக்கு எந்தச் செடி என்பதும் இந்த உப்பை ஒட்டித்தான் முடிவாகிறது. கோடைக்கானலின் குளிரில் நிற்கும் வேலியைப் பார்த்துவிட்டு வந்து அதே செடியை மதுரையில் கேட்டால், நாற்றுப்பண்ணைக்காரர் எதையாவது கொடுத்துவிடுவார். அது ஒரு கோடையைத் தாண்டாது. இட்லிப்பூவை நிறையப் பேர் வேலியாக வைக்கிறார்கள். அதற்குப் புளிப்பு மண் வேண்டும். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் வெளிறி நிற்கும். துராந்தா பொன்னிறமாக மினுக்கும், வேகமாக வளரும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நறுக்காவிட்டால் தலைவிரித்துக்கொள்ளும். அதன் மஞ்சள் பழம் நச்சு என்பதால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய்க்க விடக் கூடாது. அரளி உப்பையும் வெயிலையும் தாங்கும், ஆனால் முழுச்செடியும் நச்சு.

நான் கைகாட்டுவது மூன்று. ஒன்று சங்கங்குப்பி. உப்பு நீரையே பொருட்படுத்தாது. குச்சியை ஒடித்து நட்டால் துளிர்க்கும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும். இரண்டாவது குட்டை நந்தியாவட்டை. இலை பளபளப்பாக இருக்கும், வெள்ளைப் பூ கோயிலுக்கும் ஆகும். மூன்றாவது மருதாணி. சற்றே அடங்காத செடிதான், முற்றிய கிளையில் முள்ளும் வரும். ஆனால் வறட்சியில் நின்று பிடிக்கும். நறுக்கிப் போடும் இலையும் வீணாகாது. அம்மியில் அரைத்துக் கையில் வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறது. காமினி இவை எல்லாவற்றையும் விட நேர்த்தியான வேலி தரும், மழை பெய்த இரவில் மாடியே மணக்கும். வளரத்தான் இரண்டு மூன்று வருடம் எடுக்கும். பொறுமை இருப்பவர்கள் தயங்காமல் வைக்கலாம்.

தொட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று பட்டியல் போட வேண்டியதில்லை. மாடி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மல்லிகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நம் ஊர்ப் பூ. அதைத் தொட்டியில் வைக்க 12 அங்குலம் போதாது. 18 அங்குலம் வேண்டும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசியில், கவாத்து செய்து, அதாவது கிளைகளை நறுக்கி, இலையையும் உருவிவிட்டு, தொழு உரம் வைத்தால் மாசி, பங்குனியில் மொட்டு வைக்கத் தொடங்கும். வேலிப்பாத்திக்குள் மல்லிகையை வைத்தால் வேலி நிழலில் பூ குறைந்துவிடுகிறது. தங்கை வீட்டில் நான் பார்த்தது அது. என் மாமியார் தொட்டிக்கு வாதாடுவதில் பாதி இந்த மல்லிக்காகத்தான். மாலை ஐந்து மணிக்கு மாடியேறி, விரியப் போகும் மொட்டுகளை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளி, முந்தானையில் போட்டுக்கொண்டு இறங்குவார். எழுபத்து நான்கு வயதில் அவர் தினமும் படியேறுவதற்கு அந்தச் செடிகளே காரணம்.

உழைப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தன்மை வேறு. தொட்டி தினமும் கொஞ்சம் கேட்கும். பாத்தி தினமும் கேட்காது. மாதம் இரண்டு காலைப்பொழுதைக் கத்தரிக்கோலோடு முழுதாக வாங்கிக்கொள்ளும். ஒரு மாதம் விட்டுவிட்டால் தொட்டித் தோட்டம் கொஞ்சம் பொலிவு இழக்கும். வேலிப்பாத்தியோ கைவிட்ட வீடு போலத் தெரியும். பூச்சியிலும் அப்படித்தான். செம்பருத்தித் தொட்டியில் மாவுப்பூச்சி வந்தால் அதைத் தனியே தூக்கி வைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம். வேலியில் செம்பேன் பிடித்தால் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை போய்விடும். திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு மயில் தொல்லை வேறு. மாடியில் இறங்கி நாற்றுகளைக் கொத்திப் போட்டுவிடும். பாத்தியின் பொலபொலப்பான மண்ணைக் கண்டால் கால் நகத்தால் கிளறிவிடும். தொட்டிக்குத் தனித்தனியே வலை கவிழ்க்கலாம். கொசுவுக்கு மட்டும் தொட்டிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அடித்தட்டில் தேங்கும் நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. நான் தட்டுகளை எடுத்துவிட்டு இரண்டிரண்டு செங்கல் மேல் தொட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டேன். தளமும் காய்கிறது, தண்ணீரும் வடிகிறது.

மாடி செடிக்கு மட்டும் உரியதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். பங்குனியில் வடகம் பிழிய வேண்டும், மிளகாய் காய வேண்டும், நாளைக்குச் சூரிய மின்தகடு வைக்க நினைத்தால் நிழல் விழாத இடம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, தொட்டிதான்.

இவ்வளவு சொல்லியும் மகள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவள் பாரத்தையும் ஒழுகலையும் கேட்கவில்லை. ஒழுங்கான அழகைக் கேட்டாள். அது நியாயமான ஆசை. வேலிப்பாத்தி ஏன் கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே உயரம், நேர்க்கோடான விளிம்பு, ஒரே செடி திரும்பத் திரும்ப வருவது. அழகு அங்கே இருக்கிறது. அதற்குச் செங்கல் சுவரும் இரண்டு டன் மண்ணும் எதற்கு? மார்கழி வாசலில் புள்ளிகளின் இடைவெளி பிசகாமல் இருந்தாலே, கோடு இழுக்கும் முன்பே கோலம் தெரிந்துவிடுகிறது இல்லையா? என் 38 தொட்டிகளும் 38 அளவு, 38 நிறம். பெயிண்ட் டப்பா, உடைந்த வாளி, பச்சைப் பை, சிவப்பு மண் தொட்டி என்று கிடைத்த இடத்தில் கிடைத்ததை வைத்திருந்தேன். குறை அதில்தான் இருந்தது.

எனவே ஒரே அளவில் 12 தொட்டிகள் வாங்கினேன். மானாமதுரைக் குயவர்களின் மண் தொட்டிகள். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கட்டை விரல் மடக்கிச் சுண்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் எடுத்தேன். மண் தொட்டியின் பக்கங்கள் ஈரத்தை வெளியே விடும். அதனால் வேர் குளிர்ச்சியாக இருக்கும், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். பிளாஸ்டிக் பைகள் ஈரம் பிடிக்கும், ஆனால் எங்கள் வெயிலில் மூன்று நான்கு வருடத்தில் பிய்ந்து பொடியாக உதிர்கின்றன. அந்தப் பொடி தோட்டத்து மண்ணில் கலப்பது எனக்கு உவப்பாக இல்லை.

மாடிக்கதவில் இருந்து துளசி மாடம் வரை ஆறாறாக இரண்டு வரிசை. அத்தனையிலும் குட்டை நந்தியாவட்டை. உருண்டையாக நறுக்கிவிடப் போகிறேன். மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரம், கீழே சுவர் ஓடும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல், மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் உள்ள நீளத் தொட்டிகள் நான்கை இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்து அதில் சங்கங்குப்பி நட்டிருக்கிறேன். நனைந்த நிலையில் ஒவ்வொன்றும் 100 கிலோவுக்கு மேல் வரும். சுவர் மேல் நேராக இறங்குவதால் தளத்துக்குச் சிரமம் இல்லை. இரண்டு வருடத்தில் 12 அடி நீள வேலி கிடைக்கும். அது மேற்கு அனலைத் தடுத்து மற்ற தொட்டிகளுக்கு நிழலும் கொடுக்கும். தளம் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் பிடித்து நகர்த்திவிடலாம். மல்லிகையும் கறிவேப்பிலையும் தக்காளியும் கிழக்குப் பக்கம், மாமியாரின் பார்வையில், அவர் விருப்பம் போல.

மண்கலவை: செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டுவதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே கலக்க வேண்டும். பழைய மண்ணைத் தூக்கிப் போடவில்லை. வேரைச் சலித்து எடுத்துவிட்டு, தளத்தில் ஒரு வாரம் வெயிலில் பரப்பி, புது எருவோடு கலந்து கீரைப் பைகளுக்கு வைத்துக்கொண்டேன். ஆற்று மணலுக்குப் பதிலாக எம்சாண்ட் கலக்கச் சிலர் சொன்னார்கள். அதில் இருக்கும் மாவுத்தூள் தண்ணீர் பட்டதும் இறுகிவிடுகிறது. ஒரு தொட்டியில் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

வேலிப்பாத்திதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, இனிமேல்தான் வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற கம்பியும் கனமும் அப்போது கூடுதலாகப் போட்டால் ஆகும் செலவு, பிறகு ஒழுகலுக்குச் செய்யும் செலவை விடக் குறைவு. இரண்டாவது, தரை. ஒத்தக்கடை, நாகமலைப் பக்கங்களில் வீட்டைச் சுற்றி நாலடி மண் விட்டுக் கட்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த இடத்தைச் சிமெண்ட் போட்டு மூடாமல், கடைக்காலில் இருந்து இரண்டடி தள்ளி வேலிப்பாத்தி போடுங்கள். வேருக்கு அடியே இல்லாத ஆழம், மழைநீரும் நிலத்துக்குள் போகும். மாடியில் இத்தனை பாதுகாப்போடு செய்ய வேண்டியதைத் தரை சும்மா கொடுக்கிறது.

காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொட்டி மாற்றுவதோ வேலி நடுவதோ, ஆடி, ஆவணியில் முடித்துவிட்டால் புரட்டாசிக்குள் வேர் பிடித்து, வடகிழக்குப் பருவமழையைக் குடித்து, அடுத்த கோடைக்குச் செடி தயாராகிவிடும். பங்குனியில் ஆசைப்பட்டு வாங்கி வைத்தால் வாங்கிய விலை வெயிலுக்குத்தான்.

என் தங்கை நடுவில் இருந்த இரண்டு பாத்திகளையும் எடுத்துவிட்டாள். தளம் சரிசெய்து, தண்ணீர் கட்டிப் பார்த்து, கூரையில் கசிவு நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரை ஒட்டி, வாட்டத்தின் போக்கிலேயே இருந்த மூன்றாவது பாத்தியைப் பொறியாளர் பார்த்து இருக்கட்டும் என்றார். ஆனால் அடியில் வேர்த்தடுப்பு விரித்து, ஆழத்தைக் குறைத்து, துராந்தாவை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அவளுக்காக என் நந்தியாவட்டையில் ஒடித்த 20 குச்சிகளைப் பையில் நட்டு நிழல்வலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதினாறு துளிர்த்துவிட்டன. புரட்டாசி பிறந்ததும் விளாங்குடிக்கு எடுத்துப் போகிறேன்.